ஏற்காடு மலை ஏறும்போது ஹெரால்டு ஸ்டீயரிங் கனக்கிறது, வளைவுக்கு அப்புறம் தானா திரும்பி வரல

அஸ்தம்பட்டி ஹெரால்டு | ஞாயிறு இரவு 8.40

வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். டயர் 155/80 ஆர்13 ரேடியல், நாலிலும் 30 பவுண்டு காற்று. டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்புற கம்பியோட முனை) ரெண்டும் புதுசு. அலைன்மென்ட் போன மாசம் பார்த்தாச்சு, டோ-இன் (முன்சக்கரங்க முன்னால உள்நோக்கித் திரும்பியிருக்கிற அளவு) சரியா இருக்கு.

ஊருக்குள்ள ஐந்து ரோடு, நாலு ரோடு சுத்துறப்ப பெரிய குறை தெரியல. அடிவாரம் தாண்டி நாலாவது, அஞ்சாவது கொண்டை ஊசி வளைவுலயே ஸ்டீயரிங் கனத்துடுது. வளைவு முடிஞ்சு வீலை விட்டா தானா நேருக்கு வரல, கையால இழுக்கணும். இறங்குறப்ப வலப்பக்கம் முழுசா வெட்டினா அடியில 'டக்'னு ஒரு சத்தம். இன்னொண்ணு, இதோட சேர்ந்ததா தனியான்னு தெரியல: வீல் ஒரு குறிப்பிட்ட கோணத்துல இருக்கிறப்ப ஹாரன் அடிக்கல.

ரெண்டு மாசம் முன்னாடி எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிச்சாச்சு (நிப்பிள்னா கன் மாட்டி அடிக்கிற சின்ன முனை). ஸ்டீயரிங் ரேக் (வீலைத் திருப்புறப்ப பக்கவாட்டுல நகர்ந்து சக்கரத்தைத் திருப்புற பல்தண்டு) போயிடுச்சா? மாத்தணுமா?

ஆயில்கன் | ஞாயிறு இரவு 9.15

ரேக்கை இப்போதைக்கு விட்டுடுங்க. நீங்க எழுதினதுல என்னைப் பயமுறுத்துறது ஒரே வரிதான்: "எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ்".

ஹெரால்டு முன்சக்கரத்துல நம்ம ஊர் பட்டறைகளுக்குப் பழக்கமான கிங் பின் (சக்கரம் திரும்புறதுக்கான செங்குத்து ஆணி) கிடையாது. சக்கரத்தைத் தாங்குற வெர்டிகல் லிங்க்குக்கு மேல் முனையில பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). கீழ் முனையில மரை வெட்டியிருக்கும். அந்த மரை, வெண்கல டிரன்னியன் ஒண்ணுக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்புறப்ப லிங்க் அந்த மரையிலேயே சுழலும். ஒரு பக்க லாக்குல (ஸ்டீயரிங் அதுக்கு மேல திரும்பாத கடைசி நிலை) இருந்து மறு பக்க லாக் வரைக்கும் போனாலும் மரை கால் சுற்றுதான் நகரும். முன்பக்கத்தோட மொத்த எடையும், வளைவுல வர்ற பக்கவாட்டு இழுப்பும் அந்தக் கால் சுற்று மேலதான்.

அந்த மரைக்குப் போக வேண்டியது எண்ணெய். இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் கூடவே கூடாது. ஹெரால்டை வடிவமைச்ச இங்கிலாந்து டிரயம்ப் கம்பெனியோட கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கு, 6,000 மைலுக்கு ஒரு தடவை, அதாவது ஏறக்குறைய 10,000 கி.மீ. நம்ம மலைக்கு அந்தக் கணக்கு போதாது, அதைப் பிறகு சொல்றேன்.

டிரன்னியன்ல நிப்பிள் இல்லாம வெறும் பிளக் இருக்கிற வண்டியும் உண்டு. அதுல பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டித்தான் எண்ணெய் ஏத்தணும். உங்க வண்டியில நிப்பிள் நிரந்தரமா இருந்தா, எத்தனை வருஷமா யார் யார் கிரீஸ் அடிச்சாங்களோ தெரியாது. சரிபார்க்குற வரைக்கும் மலை ஏத்தாதீங்க. மரை அடியில லிங்க் ஒடிஞ்சா சக்கரம் ஃபெண்டருக்குள்ள மடிஞ்சு படுத்துடும், ஸ்டீயரிங்ல ஒண்ணுமே மிஞ்சாது.

லூப்ரோடு | ஞாயிறு இரவு 10.02

அண்ணா, பயமுறுத்தல் கொஞ்சம் அதிகம்னு படுது. தமிழ்நாட்டுல ஓடின ஹெரால்டுல முக்கால்வாசி கிரீஸ்லதான் ஓடிச்சு. 90 ஆயில் ஊத்தினா ஒரு வாரத்துல வடிஞ்சு தரையில நிக்கும். வடிஞ்சப்புறம் காஞ்ச மரையோட ஓட்டுறதுக்கு, நிக்கிற கிரீஸ் மேல் இல்லையா? பால் ஜாயின்ட், டை ராட் எல்லாம் கிரீஸ்லதானே வேலை செய்யுது?

ஆயில்கன் | திங்கள் காலை 6.50

நியாயமான கேள்வி தம்பி, பலர் இங்கேதான் தடுமாறுறாங்க.

கிரீஸுங்கிறது சோப்பும் எண்ணெயும் கலந்த கூழ். பால் ஜாயின்ட்ல உருண்டையைச் சுத்தி இடம் இருக்கு, பூட் (ரப்பர் உறை) இருக்கு, கிரீஸ் அங்கே தங்கி வேலை செய்யும். மரை இடுக்கு அப்படியில்ல. கிரீஸ் கன்ல அழுத்துறப்ப கிரீஸ் சுலபமான ஒரு வழியைப் பிடிச்சு மேல் சீல் (டிரன்னியன் வாயை மூடுற ரப்பர்) வழியா வெளியே வந்துடும். வெளியே வந்ததைப் பார்த்து எல்லா இடமும் நிறைஞ்சதுன்னு நினைப்போம். அழுத்தம் தாங்குற மரைப் பக்கத்துக்கு அது போயே இருக்காது. கால் சுற்று அசைவுல கிரீஸைப் பரப்பவும் முடியாது. நாளானதும் எண்ணெய் பிரிஞ்சு போய், சோப்பு மட்டும் மெழுகு மாதிரி இறுகி நிப்பிள் துளையையும் அடிக்குழியையும் அடைச்சுடும். அப்புறம் நீங்க எண்ணெய் அடிச்சாலும் உள்ளே போகாது.

தண்ணியும் சேர்ந்துக்கும். ஐப்பசி, கார்த்திகையில ஏற்காட்டுல மழையும் பனிமூட்டமும் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மேல் சீல் வழியா நுழையுற ஈரம் இறுகின கிரீஸுக்கும் இரும்புக்கும் நடுவுல மாட்டிக்கும். வெண்கலத்துக்குப் பாதிப்பு இல்ல, இரும்பு மரையோட அடிப்பள்ளத்துல துரு குழி போடும். அந்தக் குழியிலதான் விரிசல் பிறக்கும். மரை இறுகினதும் திருகுற வேலையை மரை செய்யாது, லிங்க்கே முறுக்கையும் வளைவையும் வாங்கிக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினா 40 தடவை. பெரும்பாலும் ஒடியறது வேகத்துல இல்ல, மெதுவா முழு லாக்குல திருப்புறப்பதான்.

எண்ணெய் வடியறது உண்மை. வடியட்டும்னுதான் அடிக்கடி அடிக்கச் சொல்றது. வடியறப்ப ஈரத்தையும் துருத்தூளையும் சேர்த்து வெளியே கொண்டுவரும். ஆனா ஒரு வாரத்துல காலியாகுதுன்னா அது எண்ணெயோட குறையில்ல, மேல் ரப்பர் சீலோ டிரன்னியன் அடித்தட்டோ கசியுது.

அஸ்தம்பட்டி ஹெரால்டு | திங்கள் காலை 8.20

நன்றிங்க அண்ணா. இப்ப நிப்பிள்ல 90 ஆயிலை அழுத்தி அடிச்சா பழைய கிரீஸ் வெளியே வந்துடுமா? கழற்றாம முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை லேத் | திங்கள் காலை 11.30

வராதுங்க. கழற்றித்தான் ஆகணும். பெரிய வேலையும் இல்ல, ஒரு பக்கத்துக்கு அரை நாள்.

முதல்ல ஒரு சோதனை செஞ்சா குறை எங்கேன்னு பிரிஞ்சுடும். முன்பக்கத்தை ஜாக்கி ஏத்தி சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்டு கொடுங்க. டை ராட் எண்ட் ரெண்டையும் ஸ்டீயரிங் ஆர்ம்ல இருந்து விடுவிச்சுடுங்க. இப்ப ஒவ்வொரு சக்கரத்தையும் தனியா கையால இடமும் வலமும் ஆட்டுங்க. லேசா, ஒரே சீரா போகணும். எந்தப் பக்கம் கனக்குதோ அந்த டிரன்னியனோ மேல் பால் ஜாயின்ட்டோதான் குற்றவாளி. அடுத்து உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் வீலை மட்டும் லாக்குல இருந்து லாக் வரைக்கும் சுத்துங்க. அது கனத்தா ரேக் அல்லது ஸ்டீயரிங் காலம் (வீலுக்கும் ரேக்குக்கும் நடுவுல இருக்கிற தண்டு). இதைச் செய்யாம ரேக்குக்கு ஆர்டர் போடுறது காசை ஆத்துல விடுறதுதான்.

கழற்றுறது: சக்கரத்தை எடுத்துட்டு கீழ் விஷ்போனுக்கு (சக்கரத்தைச் சேஸிஸோட இணைக்கிற கவை வடிவ கை) அடியில சின்ன ஜாக்கி தாங்கலா கொடுங்க. டிரன்னியனைக் குறுக்கே கோர்த்திருக்கிற நீள போல்ட்டைக் கழற்றணும். இதுதான் தகராறு பண்ணும். உள்ளே இருக்கிற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் ஊத்தி ஊறவிடுங்க. சுத்தியால ஓங்கி அடிச்சா விஷ்போன் காது வளைஞ்சுடும். வரலைன்னா டிரன்னியனுக்கும் விஷ்போனுக்கும் நடுவுல ஹாக்ஸா பிளேடை விட்டு ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. போல்ட்டும் நைலான் புஷ்ஷும் எப்படியும் புதுசுதான் போடப்போறோம்.

போல்ட்டு வந்ததும் விஷ்போனைக் கீழே இறக்கி, லிங்க்கின் அடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, டிரன்னியனைத் திருகி எடுங்க. மேல் பால் ஜாயின்டையோ பிரேக் பைப்பையோ கழற்ற வேண்டாம். வலப்பக்கம் வழக்கமான வலமரை, இடப்பக்கம் இடமரை. இடப்பக்க டிரன்னியனைத் தவறான திசையில பலம் போட்டுத் திருகி மரையைக் கெடுக்கிறவங்க நிறைய. இன்னொரு விஷயம், ஷாக் அப்சார்பர் நடு நட்டை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீங்க. ஸ்பிரிங்கை அடக்கி வெச்சிருக்கிறது அதுதான்.

வந்த டிரன்னியனை மண்ணெண்ணெயில ஊறவெச்சு மரை, அடிக்குழி, நிப்பிள் துளை எல்லாம் கம்பியால குத்திச் சுத்தம் பண்ணுங்க. காஞ்சதும் உள்ளே நிறைய மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு செய்தித்தாள் மேல ராத்திரி முழுக்க நிறுத்துங்க. காலையில தாள் நனைஞ்சிருந்தா அடித்தட்டு கசியுது.

லிங்க் மரையை வயர் பிரஷ் போட்டுத் துலக்கி வெயில்ல வெச்சுப் பாருங்க. விரலைவிட நகம் நல்லா சொல்லும்: பள்ளத்துல நகம் மாட்டினா குழி விழுந்திருக்கு. கண்ணுக்கு நல்லா தெரிஞ்சாலும் டை பெனட்ரன்ட் சோதனை பண்ணிடுங்க. மூணு கேன்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். சாயம் பூசி இருபது நிமிஷம் விட்டுத் துடைச்சு, டெவலப்பரைத் தெளிச்சா, விரிசல் இருந்தா சிவப்புக் கோடா எழும். வெல்டிங் தரத்தைச் சோதிக்கிற எந்தப் பட்டறையிலயும் இந்தச் செட் இருக்கும். கோடு வந்தாலும் குழி இருந்தாலும் அந்த லிங்க் இரும்புக் கடைக்குத்தான். வெல்டு வெச்சு மரை வெட்டித் தரேன்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. எங்க தொழில்ல இருந்துக்கிட்டே சொல்றேன்.

லூப்ரோடு | திங்கள் மதியம் 1.45

கிரீஸ் விஷயம் ஒத்துக்கிறேன் அண்ணா. அந்த ஈரம் மாட்டிக்கிற விளக்கம் சரியா இருக்கு.

டிரன்னியனை லேத்துல கடைஞ்சு போட்டா? இங்கிலாந்துல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் சேர்த்து விலை ஏறுது.

செவ்வாய்ப்பேட்டை லேத் | திங்கள் மாலை 5.10

டிரன்னியனைக் கடையலாம், பாஸ்பர் வெண்கலத்துல. பித்தளை வேண்டாம், மென்மை, சீக்கிரம் தேயும். கடைசல்ல கஷ்டம் வெளி உருவம் இல்ல, உள்மரை. பழைய டிரன்னியனை மாதிரியா வெச்சு மரை வெட்டினா அதோட தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்த மாதிரி ஆயிடும். லிங்க்கின் மேல் பக்கம், டிரன்னியன் போய்த் தொடாத இடத்துல தேயாத மரை ரெண்டு சுற்று இருக்கும். அளவை அங்கே எடுக்கணும். கையால திருகினா தடங்கல் இல்லாம இறங்கணும், பக்கவாட்டுல ஆட்டினா ஆட்டம் கையில தெரியக்கூடாது.

லிங்க்கை மட்டும் கடையவே கூடாதுங்க. அது அடிச்சு வடிச்ச எஃகு. ரவுண்டு பார்ல கடைஞ்சா பார்க்க அதே மாதிரி இருக்கும், தாங்குற பலம் வேற. அது மட்டும் புது அசல்தான். டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு ரெண்டும் ஒரே குடும்பம், அதனால வெளிநாட்டுல இன்னும் கிடைக்குது. ஆனா பிரேக் அமைப்பைப் பொறுத்து லிங்க் மாறும், பழசை அளந்து படம் எடுத்து அனுப்பிட்டு ஆர்டர் போடுங்க.

கன்னங்குறிச்சி | திங்கள் இரவு 9.00

டிரன்னியன் பேச்சுல மத்தது விட்டுப்போகுது. ஹாரன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

ஸ்டீயரிங் காலம் ரேக்கோட சேர்ற இடத்துல ரப்பர் புஷ் வெச்ச கப்ளிங் இருக்கு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால ஹாரனுக்கு எர்த் கிடைக்க அந்தக் கப்ளிங்கைத் தாண்டி ஒரு சின்னப் பின்னல் வயர் போட்டிருப்பாங்க. அது பாதி அறுந்தா சில கோணத்துல மட்டும் தொடும், சில கோணத்துல விட்டுடும். வயர் மாத்த பத்து நிமிஷம். ஆனா வயர் அறுந்தது ஏன்னு பாருங்க. கப்ளிங் ரப்பர் நசுங்கி அளவுக்கு மேல முறுக்கினாத்தான் வயர் இழுபடும். ரப்பரையும் மாத்திடுங்க. கூடவே ரேக் பினியன் (ரேக்கை நகர்த்துற பல்சக்கரம்) ஸ்ப்ளைன்ல இருக்கிற கிளாம்ப் போல்ட்டு இறுக்கமா இருக்கான்னும் பாருங்க. அந்த போல்ட்டு பினியன் பள்ளத்துல குறுக்கே உட்காரணும், சும்மா பிடிச்சிருந்தா போதாது.

ஹெரால்டு ஸ்டீயரிங் காலம் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ரெண்டு துண்டு. வீலை உங்க பக்கம் இழுத்துத் தள்ளிப் பாருங்க. நகர்ந்தா அதோட கிளாம்ப் தளர்ந்திருக்கு.

ரேக்: எஞ்சினை நிறுத்திட்டு ஒருத்தர் வீலை இடம் வலமா சட்டுசட்டுனு திருப்பட்டும், நீங்க பானெட்டைத் திறந்து ரேக் குழாயைப் பாருங்க. குழாயே பக்கவாட்டுல நகர்ந்தா யு-போல்ட்டு அடியில இருக்கிற ரப்பர் எஞ்சின் ஆயில்ல ஊறிப் போயிடுச்சு. வளைவுல வர்ற 'டக்' சத்தம் இதுலயும் வரும்.

ரேக்குக்கு கிரீஸ்தான், ஆனா அளவோட. மூடியில இருக்கிற பிளக்கை எடுத்து நிப்பிள் மாட்டி அஞ்சு அழுத்து, அதோட நிறுத்தணும். கை ஓயுற வரைக்கும் அடிச்சா ரெண்டு பக்கமும் ரப்பர் பெல்லோ (மடிப்பு உறை) உப்பி வெடிக்கும். வெடிச்ச பெல்லோ வழியா மண்ணு போனா ரேக் ஒரு மழைக்காலத்துல அரைஞ்சு போயிடும். ஒரு பட்டறைப் பழக்கத்தையும் சொல்லணும்: நடுவுல ஆட்டம் இருக்குன்னு ரேக் டாம்பர் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யுற மெல்லிய தகடு) எடுத்து இறுக்குவாங்க. ரேக் பல்லு தேயறது எப்பவும் நடுவுலதான், ஓரத்துல புதுசாவே இருக்கும். நடுவுக்கு இறுக்கினா ஓரத்துல பிடிக்கும். ஊருக்குள்ள சுகமா இருக்கும், கொண்டை ஊசியில சிக்கும். ஷிம் சரிபார்க்கிறதா இருந்தா ரேக்கை முழு லாக் வரைக்கும் ஓட்டி, எங்கேயும் பிடிக்காத அளவுலதான் வைக்கணும்.

டயர்ல நாலுக்கும் 30 வைக்காதீங்க. ஹெரால்டுக்குப் பின்னால ஸ்விங் ஆக்சில் (ரெண்டு பக்கமும் தனித்தனியா மேலும் கீழும் ஆடுற அச்சு). முன்னால பின்னாலைவிட நாலஞ்சு பவுண்டு குறைவா வெச்சாத்தான் இறக்க வளைவுல பின்பக்கம் வெளியே தள்ளாது. நாலும் ஒரே காற்றுங்கிறது இந்த வண்டிக்கு ஆபத்து. டோ-இன் பூஜ்ஜியத்துல இருந்து 1/16 அங்குலத்துக்குள்ள, அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ள.

பத்மினி குகை | செவ்வாய் காலை 7.30

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பிரீமியர் பத்மினிக்கும் இதே குறை: வளைவுக்கு அப்புறம் வீல் திரும்பி வரல. அதுக்கும் 90 ஆயில்தானா?

ஆயில்கன் | செவ்வாய் காலை 8.05

உங்களுக்கு அமைப்பே வேற தம்பி. பத்மினியில ரேக் இல்ல, ஸ்டீயரிங் பாக்ஸ். 90 ஆயில் பாக்ஸுக்கு, கிரீஸ் கிங் பின்னுக்கு. கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கிறப்ப எடையை விடுவிச்சு ஜாக்கியில ஏத்தி அடிங்க. தரையில நிக்கிறப்ப அடிச்சா எடை தாங்குற பக்கத்துக்கு கிரீஸ் போகாது. திரும்பி வராததுக்கு முதல் சந்தேகம் பாக்ஸ் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ மேலதான். ஆட்டத்தைக் குறைக்க யாராவது இறுக்கியிருப்பாங்க. டிராப் ஆர்ம்ல (பாக்ஸ்ல இருந்து வெளியே வர்ற கை) இருந்து ராடைக் கழற்றிட்டு வீலைச் சுத்திப் பாருங்க, நடுவுல கனத்தா இறுக்கம் அதிகம். ஐட்லர் ஆர்ம் புஷ்ஷையும் விடாதீங்க. மேற்கொண்டு தனி இழை போடுங்க, இங்கே ஹெரால்டு தொடரட்டும்.

அஸ்தம்பட்டி ஹெரால்டு | வியாழன் இரவு 9.40

கழற்றிப் பார்த்தாச்சுங்க. டை ராட் விட்டுட்டு ஆட்டினதுல இடப்பக்கம் லேசு, வலப்பக்கம் ரெண்டு கையும் போட்டாத்தான் நகருது. ரேக் முழுக்கச் சுகமா ஓடுது.

வலது டிரன்னியன் அடிக்குழி முழுக்க மஞ்சள் மெழுகு, நிப்பிள் துளை அடைப்பு. லிங்க் மரையில கீழ்ல இருந்து மூணாவது, நாலாவது சுற்றுல துருக் குழி, நகம் மாட்டுது. சாயச் சோதனையில நாலாவது சுற்றுல அரை அங்குலத்துக்குச் சிவப்புக் கோடு. இடது பக்கம் மரை சுத்தம், கோடு இல்ல, ஆனா மேல் சீல் பொடிப் பொடியா உதிருது. ஹாரன் வயர் நீங்க சொன்ன மாதிரியே பாதி அறுந்திருக்கு.

வலது லிங்க், ரெண்டு பக்கத்துக்கும் டிரன்னியன், சீல், புஷ், போல்ட்டு ஆர்டர் போட்டாச்சு. மாட்டுறப்ப என்ன கவனிக்கணும்?

செவ்வாய்ப்பேட்டை லேத் | வெள்ளி காலை 10.15

அந்தக் கோட்டைப் பார்த்தப்புறம் சொல்ல வேற ஒண்ணும் இல்லீங்க. பழைய லிங்க்கை அறுத்துப் போட்டுடுங்க, யாரும் எடுத்து மறுபடி மாட்டக்கூடாது.

மாட்டுறப்ப சீலை முதல்ல லிங்க் மேல ஏத்துங்க, மறந்தா திரும்பக் கழற்றணும். மரைக்கும் டிரன்னியன் உள்ளேயும் 90 ஆயில் தாராளமா ஊத்திட்டுத் திருகுங்க. அடி தட்டுற வரைக்கும் கையால திருகி, அப்புறம் பின்னுக்குத் திருப்பி போல்ட்டு துளை விஷ்போனுக்கு நேரா வர்ற முதல் நிலையில நிறுத்துங்க. ஒரு முழுச் சுற்றுக்கு மேல பின்னுக்குப் போகக்கூடாது. அடி தட்டின நிலையிலேயே விட்டா ஒரு பக்க லாக்குல மரை முட்டும், முழு லாக் கிடைக்காது, முட்டுறப்ப எல்லாம் லிங்க் வளையும். போல்ட்டைக் கோர்த்ததும் சக்கரத்தை லாக்குல இருந்து லாக் வரைக்கும் கையால திருப்பிப் பார்த்துடுங்க.

போல்ட்டுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவுல மட்டும் காப்பர் கிரீஸ் தடவுங்க, அடுத்த தடவை அறுக்க வேண்டியிருக்காது. விஷ்போன் உள் முனை ரப்பர் புஷ்ஷையும் தளர்த்தியிருந்தா, வண்டியைத் தரையில இறக்கி எடை ஏறினப்புறம்தான் இறுக்கணும். தொங்குற நிலையில இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு கிழியும். விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஷிம் இருந்தா அதே இடத்துல அதே எண்ணிக்கையில திரும்பப் போடுங்க. கேம்பரும் காஸ்டரும் (முன்சக்கரத்தோட சாய்வுக் கோணங்கள்) அதுலதான் இருக்கு.

லூப்ரோடு | வெள்ளி மதியம் 12.30

90 ஆயில்ல ஜி.எல்.-4, ஜி.எல்.-5னு ரெண்டு தர வகை வருதே, எது? ஜி.எல்.-5ல இருக்கிற கந்தகம் வெண்கலத்தை அரிக்கும்னு படிச்சிருக்கேன்.

ஆயில்கன் | வெள்ளி மதியம் 2.10

கிடைச்சா ஜி.எல்.-4. அந்த அரிப்பு கியர்பாக்ஸ் சூட்டுலதான் வேகம் பிடிக்கும், டிரன்னியன் அவ்வளவு சூடாகாது. அதனால ஜி.எல்.-5 மட்டும்தான் கையில இருந்தா அதையே அடிங்க, காஞ்ச மரையோட ஓட்டாதீங்க.

அடிக்கிற முறை: எண்ணெய்க்குன்னு தனியா ஒரு சின்ன கன் வெச்சுக்கோங்க, கிரீஸ் போட்ட கன்னைக் கழுவிப் பயன்படுத்தாதீங்க. சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி, நிப்பிளைத் துடைச்சிட்டு, ஒருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவா ரெண்டு பக்கமும் திருப்ப, நீங்க அழுத்துங்க. மேல் சீல் ஓரத்துல சுத்தமான எண்ணெய் எட்டிப் பார்க்கிற வரைக்கும். முதல்ல கறுப்பா வந்தா, நிறம் தெளியற வரைக்கும் விடக்கூடாது.

கையேட்டுல 10,000 கி.மீ.ன்னு இருந்தாலும், வருஷத்துக்கு ரெண்டாயிரம் ஓடுற வண்டிக்கு அந்தக் கணக்கு அஞ்சு வருஷம் ஆயிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாட்டியும். ஏற்காடு போறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை. மழையில போய்ட்டு வந்தா மறுநாள் ஒரு தடவை, தண்ணியை வெளியே தள்ள.

புதுசு மாட்டினப்புறம் முதல் ஓட்டம் கோரிமேடு வரைக்கும் போதும். திரும்பி வந்து ஜாக்கி ஏத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் போயிட்டா வீல் பேரிங், நட்டை இறுக்கி ஒரு பட்டை பின்னுக்குத் தளர்த்தி புது ஸ்பிலிட் பின் போடணும். மிதிச்சும் ஆடினா டிரன்னியன் இல்ல மேல் பால் ஜாயின்ட். லிங்க் மாறினதால டோ-இன் மாறியிருக்கும், அதையும் திரும்பப் பாருங்க.

எண்ணெய் அடிச்சு முடிச்சதும் டிரன்னியனைச் சுத்தித் துணியால துடைச்சிட்டு, பிரேக் பேக் பிளேட் அடி ஓரத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க. வழிஞ்ச எண்ணெய் அங்கே ஏறினா பிரேக் ஷூவுக்குப் போகும், இறக்கத்துல வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.